ரோச்செஸ்டரின் தென்கிழக்கு மூலை

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கும் ரோச்செஸ்டர் கோட்டைக்குப் போவதாகச் சொன்னாய். நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதேப்பா. இடிந்த கோட்டை என்றாலே மழையும் வெயிலும் தின்றது என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கிலாந்திலும் பிரான்சிலும் பல கோட்டைகள் தானாக இடியவில்லை. யாரோ இடித்தார்கள், இல்லையென்றால் யாரோ கல்லையும் மரத்தையும் பெயர்த்து விற்றார்கள். எது எவர் வேலை என்பதைச் சுவரிலேயே பார்க்கலாம்.

உள்ளே நுழையும் முன் நடுக்கோபுரத்தை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வா. 1127-இல் முதலாம் ஹென்றி மன்னர் இந்தக் கோட்டையைக் கேன்டர்பரி பேராயர் வில்லியம் கார்பெய்லிடம் ஒப்படைத்தார். கோபுரம் அவர் எழுப்பியது. பக்கத்துக்கு 70 அடி, கைப்பிடிச் சுவர் வரை 113 அடி உயரம், அடியில் சுவர்க் கனம் 12 அடி. சுவர் கென்ட் பகுதியின் முரட்டுக் கல். மூலைக்கும் வாசலுக்கும் மட்டும் செதுக்க வாகான கல்லை பிரான்சின் நார்மண்டியில் உள்ள கான் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். மூன்று மூலைகள் சதுரம். தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டை. நம்மூரில் அக்கினி மூலை என்போமே, அதே மூலை. அங்கேதான் நெருப்பு வைத்தார்கள்.

மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்த அதே 1215-இல், அக்டோபரில், ஜான் மன்னர் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே வில்லியம் டி ஆபினி தலைமையில் கலகப் பிரபுக்கள். கல்லெறி பொறிகள் இரவு பகலாக வீசியும் பலிக்கவில்லை. முதலில் வெளிமதிலின் அடியைத் தோண்டிச் சரித்தார்கள், அடுத்தது கோபுரம். அஸ்திவாரத்துக்குக் கீழே சுரங்கம் வெட்டுவார்கள். மண்ணை எடுக்க எடுக்க, மேலே நிற்கும் கல்லுக்கு மர முட்டுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் சுவரின் பாரம் முழுவதும் மரத்தின் தலையில் இறங்கியிருக்கும். பிறகு சுள்ளியை அடைத்துத் தீ வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். முட்டு எரிந்தால் சுவர் இறங்கும்.

சொல்வது சுலபம். கனமான மரம் மேலே கரியானதும், அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். சுரங்கத்தில் காற்றோட்டமும் குறைவு. சுள்ளித் தீ சீக்கிரம் அடங்கிவிடும். நின்று எரியக் கொழுப்பு வேண்டும். அதனால்தான் நவம்பர் 25-ஆம் தேதி ஜான், தன் தலைமை அதிகாரி ஹியூபர்ட் டி பர்குக்கு ஆணை எழுதினார்: சாப்பாட்டுக்கு அவ்வளவாக ஆகாத, நன்றாகக் கொழுத்த 40 பன்றிகளை உடனே அனுப்பு. ஒரு போரின் நுட்பம் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. முட்டுகள் சேர்ந்தாற்போல எரியாவிட்டால் சுவர் விழாமல், நின்ற இடத்திலேயே அமர்ந்துவிடும். நிலத்தில் நீர் ஊறினால் சுரங்கமே நிற்காது. அகழியில் தண்ணீர் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூலையை ஏன் குறிவைத்தார்கள்? இரண்டு சுவர்கள் அங்கே முடிகின்றன, வெளிப்பக்கம் தாங்க ஒன்றுமில்லை. மூலை போனால் இரண்டு சுவரும் சேர்ந்து வாய் பிளக்கும். உருண்டைச் சுவரில் அப்படிப் பெயர்க்க ஒரு முனை கிடைக்காது. ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் அந்த மூலையைத் திரும்பக் கட்டியபோது உருண்டையாகக் கட்டியது அதனால்தான். பழைய கட்டும் புதிய கட்டும் சேரும் இடத்தைக் கண்ணால் தேடிப் பிடி.

மூலை விழுந்தும் கோபுரம் பிடிபடவில்லை. உள்ளே நடுவில் ஒரு குறுக்குச் சுவர் இருக்கிறது. இருந்தவர்கள் அதன் மறுபக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள். கிணற்றுத் துளை அந்தச் சுவருக்குள்ளேயே எல்லா மாடிக்கும் ஏறுகிறது, தண்ணீருக்குக் குறையில்லை. சோறுதான் இல்லை. குதிரைகளைத் தின்று தீர்த்து, நவம்பர் 30-இல் சரணடைந்தார்கள்.

உள்ளே போனதும் அண்ணாந்து பார்: தளமும் இல்லை, கூரையும் இல்லை. வரிசையாகப் பெரிய குழிகள் தெரிந்தால் அவை உத்திரக் குழிகள், அங்கே ஒரு மாடி இருந்தது. சின்னச் சின்னதாக, ஏறக்குறைய சம உயரத்தில் சுவரெங்கும் தெரிபவை சாரக்குழிகள், கொத்தனார் சாரம் கட்டக் கழி செருகிய இடம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. அந்தரத்தில் தொங்குகிற, குளிர்காய நெருப்பு மூட்டிய கணப்புகளுக்குப் புகைபோக்கி உச்சி வரை போகாது. பக்கச் சுவரிலேயே துளை வழியாகப் புகை வெளியேறும். மாடிகளைப் போர் தின்னவில்லை. 1610-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் கோட்டையை ஆண்டனி வெல்டனுக்குக் கொடுத்தார்; அந்தக் குடும்பம் மரத்தையும் கல்லையும் விற்றது.

வெடிமருந்தின் வேலை வேறு மாதிரி இருக்கும். டார்செட்டில் கார்ஃப் கோட்டையை 1646-இல், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், நாடாளுமன்றப் படை பிடித்துத் தகர்த்தது. அங்கே பாறை பாறையாகச் சுவர்கள் சாய்ந்து கிடக்கும். ஒரு வாயில் கோபுரத்தின் பாதி அப்படியே சரிவில் கீழே இறங்கி நிற்கும். அதையும் ஒரு நாள் போய்ப் பார்.

கூரை போனபின் எதிரி தண்ணீர்தான். முகப்புக் கல் உரிந்த இடத்தில் உள்ளே அடைத்த சல்லியும் சுண்ணாம்பும் வெளியே தெரியும். அதில் ஊறிய நீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் போலப் பெருக்கும், கல்லைப் பிதுக்கும். பழைய சுவரில் சிமென்ட் பூசுவது அதைவிட மோசம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், சாந்து அப்படியே நிற்க, கல்லின் முகம் பொரிந்து உதிரும். சாந்து துருத்திக்கொண்டு கல் உள்ளே குழிந்திருந்தால், அது பெரும்பாலும் சிமென்ட் செய்த வேலை.

சுழல் படி தேய்ந்திருக்கும், மழை பெய்திருந்தால் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள செருப்பாகப் போட்டுக்கொள். உச்சியிலிருந்து மெட்வே ஆற்றைப் பார்த்துவிட்டு, அந்த உருண்டை மூலையை மேலே இருந்தும் ஒருதரம் குனிந்து பார்.

அன்புடன்,
அம்மா