மத்தாயஸ் கதை 1952-இல் முடியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் பாப் மத்தாயஸ் பற்றிய கட்டுரை படித்தேன். பதினேழு வயதுப் பள்ளிக்கூடப் பையன் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் டெக்கத்லான் (இரண்டு நாளில் பத்துத் தடகளப் போட்டி) தங்கம் வாங்கியதை விறுவிறுப்பாகச் சொன்ன கட்டுரையாளர், 'பின்னர் ராணுவத்திலும் அரசியலிலும் இருந்தார்' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்த எனக்கு அந்த ஒரு வரிதான் குறையாகப் பட்டது.

லண்டன் கதையைக் குறை சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் டுலேரி என்ற சிற்றூர்ப் பள்ளியில் வட்டு எறிந்து, தடை தாண்டி ஓடிக்கொண்டிருந்தவனை டெக்கத்லானுக்குத் திருப்பிவிட்டவர் பயிற்சியாளர் விர்ஜில் ஜாக்சன். ஈட்டியும் போல்வால்ட்டும் அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டான். லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் குண்டு எறிந்துவிட்டு வட்டத்தின் முன்பக்கமாக வெளியே நடந்தான். நல்ல எறி ஃபௌல் ஆனது. விதி தெரியாது! இரண்டாம் நாள் மழை, இருட்டு. ஈட்டி எறியும் கோட்டை டார்ச் அடித்துக் காட்டினார்களாம். இதைப் படித்ததும் எனக்கு ஒரு குறுவட்டப் போட்டி நினைவு வந்தது. இரண்டு டி.வி.எஸ். ஃபிஃப்டி வண்டிகளின் லைட்டில், ஈட்டி குத்திய தடத்தை மண்ணில் கையால் தடவித் தேடி டேப் பிடித்தோம். லண்டனிலும் அப்படித்தான் என்று தெரிந்ததில் எனக்கு அற்ப சந்தோஷம்.

1952 ஹெல்சிங்கியில் 7887 புள்ளிகள், உலக சாதனை. இரண்டாவதாக வந்தவர் 912 புள்ளி பின்னால். அப்போது வயது 21. ஊரில் உட்கார்ந்து மாலை வாங்கிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் ஸ்டான்ஃபோர்டில் படிப்பை முடித்து மரைன் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். இரண்டரை வருஷம் இருந்து கேப்டனாக வெளியே வந்தார். கொரியப் போர் 1953-லேயே ஓய்ந்துவிட்டதால் சொல்லிக்கொள்ளும்படி போர்முனைக் கதை எதுவும் அவரிடம் இல்லை. நல்லெண்ணத் தூதராகப் பல நாடுகளுக்குப் போய் விளையாட்டுப் பிள்ளைகளைச் சந்தித்ததுதான் அந்தக் காலத்து வேலை. வீரதீரம் இல்லாத சேவை என்றால் நாம் ஏனோ சீக்கிரம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று. தன் வாழ்க்கைக் கதைப் படத்தில் தானே நடித்துப் பணம் வாங்கினார் என்பதற்காக அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் பட்டியலில் சேர்த்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் கதவை அடைத்துவிட்டார்கள். கலந்துகொண்ட டெக்கத்லான் ஒன்றில்கூடத் தோற்காதவர், இருபத்தைந்து வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இன்றைய விளம்பர ஒப்பந்தங்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அரசியலுக்கு வந்தது 1966-இல். பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினரைத் தோற்கடித்து, குடியரசுக் கட்சி சார்பில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். சான் வாக்கின் பள்ளத்தாக்கின் விவசாயத் தொகுதி அது. நான்கு முறை வென்றார். 1974-இல், அதிபர் நிக்சனைப் பதவி இழக்கவைத்த வாட்டர்கேட் ஊழலின் அலை அவருடைய கட்சியை அடித்துப் போனபோது அவரும் தோற்றார். பிரபலமான பெயருக்கு விழுந்த ஓட்டு என்று 1966 வெற்றியை ஒதுக்குபவர்கள் உண்டு. முதல் தடவைக்கு அது சரியாக இருக்கலாம். அடுத்த மூன்று தேர்தலுக்கும் பழைய பதக்கத்தையே காட்டி ஓட்டு வாங்கினார் என்றால் நான் நம்பமாட்டேன்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு. 1977-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தொடங்கிய ஒலிம்பிக் பயிற்சி மையத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். இடம் ஒரு பழைய விமானப்படைத் தளம். சிப்பாய்கள் தூங்கிய கட்டடங்களில் ஓட்டக்காரர்களுக்கும் எடைதூக்குபவர்களுக்கும் தங்க இடம் செய்துகொடுக்கும் வேலை. சபையில் உட்கார்ந்திருந்தவர் அதற்குச் சம்மதித்து வந்தார். 1983 வரை அங்கே இருந்தார். மறைந்தது 2006-இல்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அதே டுலேரி பள்ளியில் அவரோடு படித்த சிம் இனெஸ், அதே ஹெல்சிங்கியில் வட்டெறிதலில் தங்கம் வாங்கினார். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். அவர் பெயரைக் கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. நானும் வட்டு எறிந்தவன்தான், அதனால் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்செங்கோடு.