பேக்யார்டு கிச்சனுக்கு பெர்மிட் வேண்டாம்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல பேக்யார்டுல கிச்சன் கட்டறத பத்தி படமெல்லாம் போட்டு எழுதியிருந்தீங்க, ஆசையாத்தான் படிச்சேன். ஆனா கலிஃபோர்னியால 120 சதுர அடிக்குள்ள இருந்தா பெர்மிட் வேண்டாம்னு ஒரே வரில முடிச்சிட்டீங்களே, எங்க கான்ட்ராக்டரும் இதே வரியத்தான் சொன்னார், அத நம்பித்தான் நாங்க மாட்டிக்கிட்டோம்.

அந்த 120 அடி கணக்கு வீட்ட விட்டுத் தள்ளி தனியா நிக்கிற ஷெட்டுக்குத்தான். அதுக்குள்ள போற கேஸ் லைன், கரண்ட், சிங்க்குக்கான பைப் எல்லாத்துக்கும் தனித்தனியா பெர்மிட் உண்டு, ஷெட் எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. சக்கரம் வச்ச கிரில்ல சிலிண்டர மாட்டி சமைச்சா பெர்மிட் கேக்க மாட்டாங்க, பைப்ப மண்ணுக்குள்ள இறக்கிட்டா கதையே வேற.

அம்மா ஊர்லேர்ந்து ஆறு மாசம் இருக்க வந்தாங்க, மீன் வறுத்தா வீடு முழுக்க மூணு நாள் வாடை, ஸ்மோக் அலாரம் வேற கத்தும், அதனாலதான் வெளிய அடுப்பு வச்சோம். கான்ட்ராக்டர் வீட்டு கேஸ் மீட்டர்லேர்ந்து மண்ணுக்குள்ள பைப் இழுத்து வேலைய முடிச்சிக் குடுத்தார், குழி மேல கல்லும் பதிச்சாச்சு. ஆனா வெளிய ரெண்டு பர்னரும் எரிஞ்சா வீட்டுக்குள்ள கேஸ் ஹீட்டர்லேர்ந்து சுடுதண்ணி வர்றது நின்னு போகும். லைசென்ஸ் இருக்கிற ஒரு பிளம்பர கூப்பிட்டு காட்டினா, மீட்டர்லேர்ந்து இவ்வளவு தூரம் இழுக்கறதுக்கு இந்த பைப் சைஸ் பத்தாது, முதல்ல சிட்டில பெர்மிட் போடுங்கன்னுட்டார். போட்டோம். இன்ஸ்பெக்டர் வந்து குழிய திறக்கச் சொன்னார், பதிச்ச கல்ல பேத்து எடுத்தோம். பைப்புல 10 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு காத்தடிச்சு 15 நிமிஷம் பிரஷர் மீட்டர் முள் இறங்காம நிக்கணும், எங்களுக்கு நிக்கல. ஒரு ஜாயின்ட்ல கசிவு. மண்ணுக்கடியில கசியிற கேஸ்ல அந்த நெடி மண்ணுலயே தங்கிட்டா நமக்கு மூக்குக்கே தெரியாதாம், அம்மா தினமும் நின்னு வறுத்த இடம் அது, இன்னிக்கு நெனச்சாலும் கை நடுங்குது.

பெர்மிட்ங்கிறது சிட்டிக்கு அழற காசுன்னு நம்மாளுங்க நிறைய பேர் நெனக்கிறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன், ஆனா குழிய மூடறதுக்கு முன்னாடி இன்னொரு கண்ணு பாக்கணும்கிறதுக்குத்தான் அது இருக்கு.

கான்ட்ராக்டர் விஷயமும் கொஞ்சம் எழுதுங்க. 2025லேர்ந்து ஆயிரம் டாலருக்குள்ள இருக்கிற சின்ன வேலைக்கு லைசென்ஸ் வேண்டாம்னு மாத்தியிருக்காங்க, ஆனா பெர்மிட் தேவைப்படற வேலைன்னா அந்த சலுகை கிடையாது. அட்வான்ஸா 10 சதவீதமோ ஆயிரம் டாலரோ எது கம்மியோ அவ்வளவுதான் கேக்கலாம், எங்ககிட்ட பாதிப் பணத்த முதல்லயே வாங்கினார், எங்களுக்கு அது அப்ப தெரியாது. லைசென்ஸ் நம்பர மாநில கான்ட்ராக்டர் லைசென்ஸ் போர்டு வெப்சைட்ல ஃப்ரீயாவே பாத்துக்கலாம்.

கட்டுரையில சிங்க் தண்ணிய கறிவேப்பிலைச் செடிக்கு விடலாம்னும் இருந்தது, அதையும் திருத்தணும், குளிச்ச தண்ணி துணி தொவைச்ச தண்ணி செடிக்கு விட வழி இருக்கு, கிச்சன் சிங்க் தண்ணிக்கு இங்க அனுமதி இல்ல, சாக்கடை லைன்லதான் சேக்கணும். சிலிண்டர கேபினட்டுக்குள்ள வைக்கிறவங்க கீழ்ப்பக்கம் காத்துக்கு ஓட்டை விடணும், சிலிண்டர்ல இருக்கிற புரொப்பேன் கேஸ் காத்த விட கனம், கீழதான் தேங்கும். குழி தோண்டறதுக்கு ரெண்டு வேலை நாள் முன்னாடி 811க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது, கேஸ், கரண்ட் கம்பெனிக்காரங்க வந்து மண்ணுக்கடியில அவங்க லைன் எங்க போகுதுன்னு மார்க் பண்ணிட்டுப் போவாங்க.

இங்க வீட்ட விக்கிறப்ப பெர்மிட் இல்லாம கட்டினது இருக்கான்னு ஃபார்ம்ல எழுதிக் குடுக்கணும், அதையும் சேத்துக்குங்க. வேற ஸ்டேட்ல அந்த 120 அடி 200ன்னு கூட இருக்கு, ஊருக்கு ஊர் மாறும், அதனால அந்தந்த சிட்டி பில்டிங் ஆபீஸ்ல கேட்டுக்கச் சொல்லி அடுத்த இதழ்லயே ஒரு திருத்தம் போடுங்க, வெயில் வந்தாச்சு, ஜனங்க இப்பதான் தோண்ட ஆரம்பிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சான் ஹோசே