மருந்துப் பெட்டி புளியரை தாண்டி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரள எல்லையில் இருக்கும் புளியரைக்கு இந்தப் பக்கம், செங்கோட்டையில் பழைய பேப்பர், இரும்புக் கடை வைத்திருக்கிறேன். கேரள ஆஸ்பத்திரிக் கழிவுகளைத் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டிவிட்டுப் போனதும், பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு 2024 டிசம்பரில் அவர்களே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் என் கடைக்கு வந்து கேரளாவைத் திட்டாத ஆள் இல்லை. திட்டியவர்கள் எடைக்குப் போட்ட சாக்கிலும் மருந்து கிடந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பெரியவர்கள் தவறிப்போன வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அலமாரியை ஒழிப்பார்கள். பழைய நோட்டு, எக்ஸ்ரே கவர், அதோடு பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, டானிக் பாட்டில், இன்சுலின் ஊசி எல்லாம் ஒன்றாக வரும். சாக்கில் கைவிடும் பையனுக்குத்தான் ஊசி குத்தும். மாத்திரை அட்டையில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கிடப்பதால் எனக்குத் தெரிந்து வாங்குவார் யாரும் இல்லை. பாட்டிலுக்கு விலை உண்டு. ஆனால் உள்ளே இருப்பதைக் கவிழ்த்தால் ஓடைக்குத்தான் போகும். ஆன்டிபயாடிக் தண்ணீரில் கலந்துகொண்டே இருந்தால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று மருந்துக் கடைத் தம்பி சொல்கிறார். இன்னொன்று. லேபிளும் மூடியும் கெடாத பாட்டிலாகப் பார்த்துக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. எதற்கு என்று கேட்டால் சிரிப்பார்கள். நான் லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் குவியலில் போடுவேன்.

சரி, நாம் திட்டிய கேரளாவில் என்ன செய்கிறார்கள்? 2025-இல் அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை முதலில் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி பஞ்சாயத்திலும் ஒரு திட்டம் தொடங்கியது. வீடு வீடாகக் குப்பை வாங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டுக்கு வந்து வேண்டாத மருந்தை வாங்கிக்கொள்வார்கள். போடுவதற்குப் பெட்டியும் உண்டு. சேர்ந்ததை எர்ணாகுளத்து ஆலைக்கு அனுப்பி முறையாக அழிக்கிறார்கள். நல்லதை நல்லது என்றுதானே சொல்ல வேண்டும்?

நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016 திடக்கழிவு விதிகளே காலாவதி மருந்தை வீட்டு அபாயக் கழிவு என்றன. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றும் சொன்னன. நம் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருந்தால், எங்கே என்று மருந்துக் கடை வாசலில் பலகை வையுங்கள். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2025-இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. மாநிலத் துறையும் மருந்து வியாபாரிகள் சங்கமும் சேர்ந்து திரும்பப் பெறும் இடங்களை அமைக்கலாம் என்கிறது அது. ஃபென்டனில், டிரமடால் போன்ற கடும் வலி மருந்துகள் உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டும், தவறிப்போய் வேறு யாராவது தின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால், கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரையையும் அங்கே கொட்டிவிடாதீர்கள்.

தென்காசி மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது, செங்கோட்டை, புளியரைப் பக்கத்து மருந்துக் கடைகளில் முதலில் ஒரு பெட்டி. அதுவரை வீட்டுக்காரர்கள் ஊசியையாவது தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். பெட்டி வைத்தால் பூட்டும் போடுங்கள். சாவியை எங்களைப் போன்ற பழைய பொருள் கடைக்காரர்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய இரும்புக் கடைக்காரர்,
செங்கோட்டை.