கோஷ்டம் வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் சித்த மருந்து தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

நான் நாட்டு மருந்துக் கடை நடத்துகிறவன். அப்பா காலத்திலிருந்தே எங்கள் கடையில் 'கோஷ்டம்' என்று எழுதிய இழுப்பறை ஒன்று உண்டு. அதைத் திறந்தால் கடை முழுக்க மணக்கும். கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்று பழைய உரைகாரர்கள் எண்ணிய ஐவகை விரைகளில், அதாவது நறுமணப் பொருள்களில், முதலில் நிற்பது இதுதான். சூரணம், லேகியம், தைலம் என்று நீங்கள் செய்கிற எத்தனையோ மருந்துகளில் இன்றும் இது சேர்கிறது.

ஆனால் இது நம் மண்ணில் விளைவதில்லை. சூரியகாந்தி, செவ்வந்தி குடும்பத்தைச் சேர்ந்த இமயமலைச் செடி இது. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல், பனி மூடும் சரிவுகளில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கருஞ்சிவப்பும் நீலமும் கலந்த பூக்களைத் தரும். அங்கே இதன் பெயர் குத். பூச்சி அரிக்காமலிருக்க காஷ்மீர் வணிகர்கள் சால்வைகளுக்கு நடுவே இதன் வேரை வைத்து வந்தார்கள்.

வேர்தான் மருந்து. வேரைத் தோண்டினால் செடி போயிற்று. விதை முற்றுவதற்குள் தோண்டினால் அடுத்த தலைமுறையும் போயிற்று. பல்லாண்டுகள் அப்படித் தோண்டித்தான் காட்டுக் கோஷ்டம் அருகியது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், 1975இல் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள், 1985இல் முதல் பட்டியலுக்கு மாற்றினார்கள். புலிக்குத் தரும் அதே காவல் இது. இன்று மிகவும் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைக் குறித்திருக்கிறது. காட்டில் தோண்டுவது நம் நாட்டுச் சட்டப்படியும் குற்றம்.

ஆகவே நாம் நியாயமாக வாங்கக்கூடியது வயலில் விளைந்த வேர் மட்டுமே. இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 1920களிலிருந்தே இதைப் பயிர் செய்கிறார்கள். சந்திரா, பாகா ஆறுகள் கூடுகிற தாண்டி என்ற ஊர், அதற்கு மேலே கேலாங், எங்கும் மலைச்சரிவில் சிறு சிறு வயல்கள். ஒருகாலத்தில் குத் வேர் சீனாவுக்கு ஊதுவத்திக்காகப் போய் நல்ல விலை கண்டது. பிறகு சீனர்களே யுன்னான் மலைகளில் பயிரிட்டார்கள். விலை சரிய, லாஹௌல்காரர்கள் உருளைக்கும் பட்டாணிக்கும் மாறினார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அங்கே போயிருந்தேன். குத் வயலைக் காட்டிய ஓர் அம்மாளிடம், ஏன் இவ்வளவு குறைவாகப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பட்டாணி ஒரே கோடையில் காசாகிவிடும். இது வேர் பருக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். மூன்றாம் வருஷம் யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார், சொல்லுங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் உங்களிடம் இருக்கிறது, அதனால்தான் இந்த மடல்.

மூன்று வருடக் கொள்முதல் ஒப்பந்தம் போடுங்கள். இவ்வளவு கிலோ, இதற்குக் குறையாத விலை என்று விதைக்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாயின் பனி முன்போல அவர்களை ஆறு மாதம் அடைத்துப் போடுவதில்லை. சரக்கு வெளியே வர வழி இருக்கிறது. வாங்குகிறவர் உறுதிதான் குறைகிறது.

உங்களுக்கும் இதில் நன்மை உண்டு. போன வருடம் எனக்கு வந்த ஒரு மூட்டையில் பாதி வேருக்குக் கோஷ்டத்தின் மணமே இல்லை. அதே பள்ளத்தாக்கில் 'மனு' என்ற பெயரில் விளையும் புஷ்கரமூலத்தை இதனுடன் கலப்பது பழைய வழக்கம். அதுவும் நல்ல மருந்துதான்; ஆனால் கோஷ்டம் அல்ல. போதாக்குறைக்கு, நம் மலைகளில் வளரும் இஞ்சிக்கு நெருங்கிய ஒரு செடியையும் தமிழில் கோஷ்டம் என்றே சொல்கிறோம். தரகர் கை மாறி வரும் மூட்டையில் எது எது என்று பிரிப்பது உங்கள் ஆய்வுக்கூடத்துக்கே பெரும்பாடு. எந்த ஊர் வயல், எந்த ஆண்டு அகழ்ந்தது என்று தெரிந்து வாங்கினால் அந்தச் சந்தேகம் பாதி தீரும். இப்போதைக்குக் குறைந்தபட்சம், சாகுபடிச் சரக்கு என்பதற்கான சான்று இல்லாத மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

எனக்கு ஆண்டுக்கு முப்பது கிலோ போதும். அதை மட்டும் நம்பி யாரும் விதைக்க மாட்டார்கள் என்று தெரிந்தும், மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மாளுக்கு எழுதியிருக்கிறேன். புரட்டாசி, ஐப்பசியில் அங்கே வேர் அகழ்ந்து, நறுக்கி, காயவைப்பார்கள். காலியான வயலில் அடுத்து என்ன போடுவது என்று வீட்டில் பேசுவதும் அப்போதுதான். அதற்குள் உங்கள் கடிதமும் அவர்களுக்குப் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரன்