பெயருக்கு நேரே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்றாய். முப்பது வருஷம் போதகனாகச் சபையில் அதையே சொல்லிக்கொண்டிருந்தவன் நான், குரலிலேயே தெரிந்துவிட்டது. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அம்மா ஆபரேஷனுக்குப் படுத்திருந்த வருஷம் நீ சின்னப்பிள்ளை. சபையில் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மேய்ப்பன் கலங்கினால் மந்தை சிதறிவிடும் என்று ஒரு எண்ணம். உண்மையில் அது வெறும் கௌரவம், விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். ராத்திரி ஆஸ்பத்திரி, காலையில் பிரசங்கம். அப்படி ஒரு நாள் வீடு சந்திக்கப் போன இடத்தில் ஒரு வயதான அம்மா தன் ஜெப நோட்டைக் காட்டினார்கள். ஓரமெல்லாம் சுருண்டுபோன நோட்டு. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு காரியம்: வேலை, கடன், பிள்ளைப்பேறு, குடி. முதல் பெயர் 'ஐயா'. அதற்கு நேரே ஒன்றும் இல்லை.

"என்ன எழுதுறதுன்னு தெரியல ஐயா, நீங்க ஒண்ணும் சொல்றதில்லையே" என்று சொல்லிவிட்டு, பென்சிலைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்கள். அங்கேயே அழுதுவிட்டேன். அன்றைக்கு அவர்கள்தான் ஜெபித்தார்கள். நான் ஆமென் மட்டும் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் ரோமாபுரி சபைக்குப் பவுல் எழுதிய நிருபம், ரோமர் 15ஆம் அதிகாரம், எனக்கு உறைத்தது. அவர் அந்தச் சபைக்கு அதுவரை போனதுகூட இல்லை. ஆனாலும் எனக்காக ஜெபத்தில் போராடுங்கள் என்று கேட்கிறார், எதற்கு என்றும் சொல்கிறார். யூதேயாவில் எதிர்க்கிறவர்களுக்குத் தப்ப வேண்டும், எருசலேமில் தன் உதவி ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும், பிறகு சந்தோஷமாக உங்களிடம் வர வேண்டும். "ஊழியத்துக்காக ஜெபியுங்கள்" என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அதை வைத்துக்கொண்டு ஒருவர் என்னதான் ஜெபிப்பது? அதே நிருபத்தின் தொடக்கத்திலேயே, உங்கள் விசுவாசத்தால் நானும் ஆறுதலடைய வேண்டும் என்கிறார். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்டிருக்கிறது.

யுத்தம் நடக்கும்போது மோசேயின் தளர்ந்த கைகளை ஆரோனும் ஊர் என்பவரும் தாங்கியதை நீ எத்தனையோ தடவை பிரசங்கித்திருப்பாய். கையைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு கல்லைக் கொண்டுவந்து போடுகிறார்கள், பார். அவரும் பேசாமல் உட்காருகிறார்.

அதற்காகப் பிரசங்க பீடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதே, அது வேறு தொல்லை. வாய் காக்கிற இரண்டு மூன்று பேர் போதும். பிறர் உன்னை நம்பிச் சொன்னதை மட்டும் உன் பாரம் என்று சொல்லி அங்கே அவிழ்க்காதே. அப்புறம், யாருக்காகவாவது ஜெபித்தால் அடுத்த வாரம் "என்ன ஆச்சு?" என்று கேள். நான் பல நேரம் கேட்க மறந்திருக்கிறேன். அவர்கள் மறுபடி என்னிடம் வரவில்லை.

எனக்காக ஜெபிக்க உனக்கும் ஒரு குறிப்பு தருகிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து பின்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இப்போதைய போதகரின் பிரசங்கத்தில் குறை தேடுகிறேன். இந்தப் புத்தி போக வேண்டும். சிரிக்காதே, நிஜமாகத்தான் கேட்கிறேன்.

அம்மாவும் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். உன் பெயருக்கு நேரே 'களைப்பு' என்று பென்சிலால் எழுதியிருக்கிறாள், அவளாக ஊகித்தது. சரியா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா