ஞாயிறு ராத்திரி கேக்கப் போறது: க்ளாஸ்டர் கதீட்ரல்

மக்களே, இந்த ஞாயிறு 9 மணிக்கு குரூப் கால், இந்த தடவ இங்கிலாந்து த்ரீ க்வையர்ஸ் இசை விழா. க்ளாஸ்டர், ஹெரிஃபர்ட், வூஸ்டர்னு மூணு ஊர் கதீட்ரலும் (பெரிய சர்ச்) வருஷத்துக்கு ஒண்ணா மாத்தி மாத்தி நடத்துறது. 1910ல க்ளாஸ்டர்ல இங்கிலீஷ் இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ், டாலிஸ்ங்கிற பழைய இசையமைப்பாளரோட மெட்ட வச்சு எழுதி, தானே கண்டக்ட் பண்ணி அரங்கேத்துன டாலிஸ் ஃபேன்டேசியாதான் போடப்போறேன், முழுக்க தந்தி வாத்தியம், அதுல 9 பேர் மட்டும் தனியா தள்ளி உக்காந்து வாசிப்பாங்க, பெரிய கூட்டம் ஓஞ்சதும் அவங்க சத்தம் தூரத்துலேர்ந்து மெல்லிசா வரும் பாருங்க, யப்பா.

ஹெட்ஃபோன் கட்டாயம், போன தடவ ஃபோன் ஸ்பீக்கர்ல போட்டு நானே சொதப்பிட்டேன். 1910ல அந்த அரங்கேற்றத்தன்னிக்கு அதே மேடையில கண்டக்ட் பண்ண இன்னொரு இங்கிலீஷ் இசையமைப்பாளர் எல்கர், 1884ல வூஸ்டர்ல செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் கண்டக்ட் பண்றப்ப வயலின் வரிசைல உக்காந்து வாசிச்சவர் அவர். வர்றவங்க ஒரு தம்ஸ்அப் போடுங்க.