துக்கச் செய்தி வந்தால் குழுவைப் பூட்டுங்கள்

நம் பள்ளி முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவின் அட்மின்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் நண்பனின் ஆத்தா காலமானபோது குழுவில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். புதுவயல் பக்கம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. உங்களில் யாரும் வரவில்லை.

விடியும் முன்பே அவன் செய்தி போட்டுவிட்டான்: முகவரி, போன் நம்பர், பிற்பகல் மூன்று மணிக்கு எடுக்கிறோம் என்று. உடனே ஆரம்பித்தது. கும்பிடும் கைகள், குத்துவிளக்கு ஸ்டிக்கர், ஆர்ஐபி. ஒருவர் போட்டதை இன்னொருவர் அப்படியே நகலெடுத்து ஒட்டியதில், வேறு யாருடைய அப்பாவுக்கோ எழுதிய பழைய இரங்கலும் வந்து விழுந்தது. நடுவில் ஒருவருக்குப் பிறந்தநாள் கேக். அப்புறம், மழை மூட்டமாக இருக்கிறது, மதியத்துக்குள் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்ல, அதையும் அவன் குழுவில் போட்டான். அழுதுகொண்டிருக்கிறவன் வேறென்ன செய்வான்? அந்தச் செய்தி ஸ்டிக்கர்களுக்கு அடியில் போயிற்று. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மூன்று மணியை நம்பி வந்த இரண்டு பேர் இறங்கும்போது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அந்தத் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆளெல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும். பாடை தூக்கத் தோள் போதவில்லை. பக்கத்து வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்துக்கொண்டிருந்த பையன்கள் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு நம் நண்பனின் பெயர்கூடத் தெரியாது. காரைக்குடியிலும் கோட்டையூரிலும் இருந்துகொண்டு, பைக்கை எடுத்தால் அரை மணியில் வந்துவிடக்கூடிய நம் ஆட்கள் அந்த நேரத்தில் ஸ்டிக்கர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். துக்கச் செய்தி வந்தால் அன்று முழுக்கக் குழுவைப் பூட்டுங்கள். அட்மின் மட்டும் செய்தி போடும் வசதி 2018-லிருந்தே வாட்ஸ்அப்பில் இருக்கிறது. முகவரி, நேரம், வீட்டில் ஒருவரின் நம்பர், இவற்றை மட்டும் மேலே பின் செய்து வையுங்கள். வெளியூரில் இருப்பவர் கூப்பிட்டுப் பேசட்டும். உள்ளூரில் இருப்பவர் போகட்டும்.

நம் பக்கம் கேதம் கேட்கப் போகிறவர் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. கையைப் பிடிப்பார், திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்வார், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார். வந்தார் என்பதுதான் கணக்கு. இப்போது 'போட்டாச்சு' என்பது கணக்காகிவிட்டது. ஸ்டிக்கர் போட்டதுமே கடமை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது பாருங்கள், எனக்குக் கோபம் அதன் மேல்தான். அது இல்லாவிட்டால் மனசு உறுத்தி, சாயங்காலமாவது ஒரு போன் போட்டிருப்பார்கள்.

பிரான்மலை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாரி ஆண்ட பறம்பு அதுதான் என்கிறார்கள். பாரி இறந்த பிறகு அவன் மகள்களுக்கு வரன் தேடி ஊர் ஊராக அலைந்தார் கபிலர். நம் குழுவில் இருந்திருந்தால் ஒரு மலர்வளையத்தோடு வேலை முடிந்திருக்கும், பாவம் கால் வலியாவது மிச்சம். ஃபேஸ்புக் ஓர் ஆளுக்கு 5,000 நண்பர்கள் வரை அனுமதிக்கிறது. ராபின் டன்பர் என்ற ஆய்வாளரோ, ஒரு மனிதரால் சுமார் 150 பேரோடுதான் உண்மையான உறவைப் பேண முடியும், அதிலும் மிக நெருக்கமானவர்கள் ஐந்து பேர் அளவில்தான் என்கிறார். நம் குழுவில் இன்னும் ஆள் சேர்க்க லிங்க் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். கல்யாணப் பத்திரிகையும் இப்போது பிடிஎஃப்தான். தாம்பூலத்தோடு நேரில் அழைக்காவிட்டால் வருஷக்கணக்கில் முறுக்கிக்கொண்டிருந்த ஊர் இது!

சரி, எங்கேயோ போய்விட்டேன். குழுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்டபோது இதே குழுவில்தான் ஆள் கிடைத்தது. அன்று தேவையை மட்டும் போட்டோம், யாரும் ஸ்டிக்கர் போடவில்லை. சாவுக்கும் அதையே செய்யுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். துக்கச் செய்தி வந்தால் குழுவைப் பூட்டுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் வரும் ஞாயிற்றுக்கிழமை. நேரமும் வீட்டுக்கு வரும் வழியும் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் குழுவில் போட்டுவிட்டு, தயவுசெய்து அப்போதே பூட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் ஒருவன்,
காரைக்குடி